பெரிய மாமா கையெழுத்திட்ட பதினோரு ஆபர் லெட்டர்

கண்ணு,

வருகிற புதன்கிழமை நீ முதல் வருடக் கட்டணத்தைக் கட்டப் போகிறாய். அன்றைக்கே கம்பெனியில் ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிடப் போவதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். சாப்பாடு வேண்டாம் என்று ஒன்று, வண்டிச் சாவி எங்கே என்று ஒன்று. ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு ஒரு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன். ஆனால் நேரில் உட்கார்ந்தால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், அல்லது நான் பாதியில் நிறுத்திக்கொள்வேன். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை, விடைத்தாள் திருத்துவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டு, கட்டைப் பிரிக்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு நாம் மூன்று பேரும் அந்த வளாகத்தைப் பார்க்கப் போனோம். நான் பல வருடம் வேலை பார்த்த இடம். அப்போது அது கல்லூரி, இப்போது பெயரை மாற்றிக்கொண்டு பல்கலைக்கழகம் ஆகியிருக்கிறது. அவிநாசி தாண்டித் திரும்பும்போதே நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் நமக்கு ரோஸ்மில்க் கொடுத்தாள். பக்கத்துச் சுவர் முழுக்க, எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுத்த நிறுவனங்கள் என்று வரிசையாகச் சின்னங்கள். நீ அதில் ஒன்றின் அருகே போய் நின்று, "அம்மா, இங்க பாருங்க, நம்ம பெரிய மாமா கம்பெனி" என்றாய். பல்சக்கரத்துக்கு நடுவில் ஓர் எழுத்து. அந்தப் பெண் உடனே, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களாங்க சார்?" என்றாள். "எங்க மாமாங்க" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டேன். "அப்ப நீங்க எங்க பேமிலிதானுங்க சார்" என்று அவள் சிரித்தாள். நீ போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினாய். அவர் உனக்குப் பதில் அனுப்பவில்லை. எனக்குப் போன் செய்து, "இன்னுமா புள்ள அத எடுக்காம வெச்சிருக்கறாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா? கணபதியில் மாமா பட்டறை வாசலில் இருப்பது ஒரு தகரப் பலகை. அதில் பெயரும் போன் நம்பரும்தான். பம்புக்கு வார்ப்படம் ஊற்றுகிற பட்டறைக்குச் சின்னம் எதற்கு? அந்தப் பல்சக்கரம் பட்டறையில் எங்கேயும் கிடையாது. அதைக் கல்லூரி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். வரையச் சொன்னது நான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்ததை இப்போது திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கட்டணம் அதிகம் என்று நான் ஆரம்பித்தேன். "நீங்க எதுக்குமா சரின்னு சொல்லியிருக்கீங்க? வண்டி வாங்கறப்பயும் இதேதான்" என்றாய். அப்பா வழக்கம்போல, "உடு புள்ள, பையன் ஆசைப்படறான்" என்றார். பிறகு நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்: "சுமதி அக்கா அங்கதான எம்.பி.ஏ. படிச்சாங்க? மாமா பட்டறையவே இன்னிக்கு அவங்கதான் ஓட்டறாங்க. மாமாவே சொல்லுவாரு. அதுக்கு என்ன சொல்றீங்க?" நான் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினேன். கழுவி வைத்திருந்த தட்டைத்தான் எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அதை நீ தோல்வி என்று எடுத்துக்கொண்டிருப்பாய். ஒருவிதத்தில் சரிதான்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது இருக்கிறது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாகப் பம்புக் கம்பெனியில் அளவுக் கருவியோடு நிற்கிறாய். உன்னோடு படித்தவன் எம்.பி.ஏ. முடித்து வந்து உனக்கே மேலதிகாரியாக உட்கார்ந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. சின்னப் பல்கலைக்கழகம் என்பதால் நான் அதைத் தள்ளவும் இல்லை. நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தது பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில். கட்டணம் என்று சொல்லும்படி எதுவும் கட்டவில்லை. ஆனால் இரண்டு வருடமும் என் பேராசிரியருக்கு என் பெயர் தெரியாது, கடைசி ஜன்னல் ஓரத்துப் பெண் என்றுதான் தெரியும். நான் வேலை பார்த்த இந்த இடத்தில் வகுப்புக்கு நாற்பது பேர். யார் வரவில்லை என்பது உள்ளே நுழைந்ததும் தெரியும். யாருக்கு வீட்டில் சிரமம் என்பதும் தெரியும். ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த நல்ல ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள், இன்றும் சிலர் இருப்பார்கள். அது பொய்யில்லை.

செலவும் பொய்யில்லை. இரண்டு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம், அதோடு இந்த இரண்டு வருடத்தில் நீ வாங்காமல் விடப்போகிற சம்பளம். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கவேண்டும். அப்பாவுக்கு மில்லில் இன்னும் மூன்று வருடம்தான் சர்வீஸ். அவர் இதையெல்லாம் யோசித்துச் சரி என்று சொல்லவில்லை, உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை, அது என் குறை. ஆனால் நீயும் யோசித்துத்தான் பார்த்திருக்கிறாய். முடித்ததும் நல்ல வேலை கிடைக்கும், நாலைந்து வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்கிறாய். உன் யோசனை முழுக்க நிற்பது ஒரே ஒரு எண்ணின் மேல், அவர்கள் கொடுத்த சேர்க்கைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற வேலைவாய்ப்புச் சதவீதத்தின் மேல். இன்றைக்கு அதை எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசமாட்டேன். ஒரு காலத்தில் எப்படிப் போட்டார்கள் என்பது தெரியும். போட்டவர்களில் நானும் ஒருத்தி.

பன்னிரண்டு வருடம் முன்பு நான் அங்கே எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். எண்கள் தெரிந்தவள் என்று வேலைவாய்ப்புப் பிரிவின் பதிவேடுகளையும் என் தலையில் கட்டினார்கள். அந்த வருடம் வந்த கம்பெனிகள் குறைவு. சேர்க்கைப் புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி உண்டு, கண்ணு. மேலே இருக்கிற வேலை கிடைத்தவர்கள் எண்ணைக் கூட்டலாம், கீழே இருக்கிற வேலை தேடுகிறவர்கள் எண்ணைக் குறைக்கலாம். கீழே குறைப்பது சுலபம். அப்பாவுக்குக் கடை இருக்கிற பிள்ளை, தோட்டம் இருக்கிற பிள்ளை, கல்யாணம் நிச்சயமான பெண், எல்லாரிடமும் எனக்கு வேலை தேவையில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டால் அவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். நம் பக்கத்தில் சொந்தத் தொழில் இல்லாத குடும்பம் எத்தனை? வேண்டிய அளவு தாள் கிடைத்தது. அப்படியும் எண் போதவில்லை. பிரின்சிபால் ஆசிரியர்கள் எங்களை அழைத்து உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க மேடம், உங்க சொந்தத்துல யாராச்சும் கம்பெனி வெச்சிருக்காங்களாங்க?"

வேறு ஊரில் இது என்ன கேள்வி என்று தோன்றியிருக்கும். இங்கே யாருக்குத்தான் லேத் வைத்திருக்கிற மாமா இல்லை, தறி ஓட்டுகிற சித்தப்பா இல்லை? கல்யாண வீட்டில் மொய் வைப்பதுபோல் ஆளுக்கு இத்தனை ஆபர் லெட்டர் என்று ஒப்புக்கொண்டோம். ஒருவர் சம்பந்தியின் நூல் மில்லிலிருந்து ஆறு லெட்டர், இன்னொருவர் மச்சானின் பனியன் கம்பெனியிலிருந்து எட்டு. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. ஒத்தாசை என்று நினைத்தோம். கேட்டால் இல்லை என்று சொல்லாத சனம் நாம். அந்த நல்ல குணமே எங்களைக் கெடுத்தது. நான் பதினொன்று ஒப்புக்கொண்டேன்.

மாமாவிடம் போனேன். அவர் பட்டறையில் மணல் கையோடு நின்றார். "அண்ணா, உங்க லெட்டர்பேடுல பதினோரு லெட்டர் வேணுங்ணா. மேனேஜ்மென்ட் டிரெய்னின்னு போட்டு."

"பதினொண்ணா? எங்கிட்ட ஆளே ஒம்பது பேருதான புள்ள" என்றார்.

"சும்மா காயிதத்துக்குத்தாங்ணா. யாரும் வரமாட்டாங்க."

"வந்துபோட்டா?"

"வரமாட்டாங்ணா."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பதினோரு கையெழுத்துப் போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சி எம்.எஸ்ஸி. படித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

விழா வைத்து, மேடையில் போட்டோ எடுத்து, லெட்டர்களைக் கொடுத்தோம். இது பேருக்குத்தான் என்று மாணவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று நாங்கள் நினைத்தோம், அல்லது நினைப்பதாக வைத்துக்கொண்டோம். ஜூன் மாதத்தில் ஒருநாள் வகுப்பில் இருந்தபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. வராந்தாவில் நின்று எடுத்தேன். "ஏம்புள்ள, வரமாட்டாங்கன்ன. சென்னிமலையிலிருந்து ஒரு புள்ளையும் அவங்க அம்மாவும் ரெண்டு பஸ் மாறி வந்து நிக்கறாங்க. எனக்கு மலைக்கோயில் விபூதி கொண்டாந்து குடுக்கறாங்க புள்ள. நான் இப்ப என்ன சொல்றது?"

இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான இடம் இதுதான். நான் சொன்னேன்: "இந்த வருசம் ஆள் எடுக்கலீன்னு சொல்லி அனுப்பிச்சுருங்ணா." யோசிக்காமல் சொன்னேன். வகுப்பு நேரம் போகிறதே என்றுதான் அப்போது இருந்தது. மாமா, "நீ வெச்சுரு புள்ள" என்றார்.

அனுப்பவில்லை அவர். பட்டறைக்குத் தேவையே இல்லாத ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்தப் பெண்தான் உன் சுமதி அக்கா. லெட்டரில் போட்டிருந்த சம்பளத்தை மாமாவால் முழுதாகக் கொடுக்க முடிந்தது இரண்டு வருடம் கழித்துத்தான். வார்ப்பட வேலை என்றால் என்ன என்றுகூடத் தெரியாமல் வந்தவள், பில் போடுவதில் ஆரம்பித்து, சரக்கு வாங்குவது, ஆர்டர் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். நீ சொன்னது உண்மை, இன்றைக்குப் பட்டறை அவள் கையில்தான். ஆனால் நீ அவளை அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்டாய். அவள் அதற்குச் சாட்சி இல்லை, கண்ணு. அவளுக்குக் கிடைத்த வேலை உன் மாமாவின் வெட்கத்திலிருந்து வந்தது. அவள் படித்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் படிப்பு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மற்றப் பத்துப் பேரும் வரவில்லை. அதை நான் நிம்மதியாக எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் எண் அழகாக வந்தது. அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் கொடுத்தார்கள். அதன்பிறகும் மூன்று வருடம் அங்கேயே இருந்தேன். உன் பத்தாம் வகுப்புக்காக வேலையை விட்டேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்திருக்கிறேன், நீயும் உறவுக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாய். பாதி உண்மை அது. இன்னொரு வருடமும் அதேபோல் லெட்டர் மொய் வைக்கச் சொன்னார்கள், எனக்குக் கேட்க வேறு அண்ணன் இல்லை. மீதிப் பாதி அதுதான்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் ஆர்.எஸ்.புரத்திலிருந்து நேராகக் கணபதிக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சுமதியிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மாமா வெளியே போயிருந்தார். அவள் எழுந்து நின்று, "வாங்க மேடம், டீ சொல்லட்டுங்களா?" என்றாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பிவிடச் சொன்னதையும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"தெரியுமுங்க மேடம்" என்றாள்.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்க. சார் உக்காருங்கன்னாரு. இருந்ததே ஒரு சேருங்க. அதுல எங்கம்மாவ உக்காரவெச்சுட்டு, லோடு வண்டிக்காரர்கிட்ட பணம் குடுத்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கியாரச் சொன்னாரு. அது வர்ற வரைக்கும் நான் நின்னுட்டே இருந்தனுங்க. ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சிருந்தா சேர் வாங்கி வெச்சிருக்க மாட்டாங்களா?"

"ஏன் எங்கிட்ட வந்து கேக்கலீம்மா?"

"கேட்டா நீங்க என்னங்க சொல்லியிருப்பீங்க?"

டீ வந்தது. அவள் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் காலத்தில் என் புள்ளியியல் வகுப்பில் சந்தேகம் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "மீதிப் பத்துப் பேரு என்ன ஆனாங்கன்னு நீங்க விசாரிச்சீங்களாங்க?"

"இல்ல" என்றேன்.

"ரெண்டு பேரு எனக்குப் போன் பண்ணுனாங்க. ஜாயின் பண்ண எப்ப வரலாம்னு கேட்டாங்க. வராதீங்க, இங்க வேலையே இல்லீன்னு நான்தான் சொல்லிப்போட்டனுங்க. வேலை இல்லாதது நெசந்தான். ஆனா அதுக்காகச் சொல்லல மேடம். அவங்களும் வந்தா என் சேரும் போயிருமோன்னு பயம்." பிறகு, "உங்களத் திட்டறதுக்கு எனக்கும் வாய் இல்லீங்க" என்றாள்.

அந்த இரண்டு நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நேற்று ஒருவருக்கு அழைத்தேன். இப்போது திருப்பூரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாராம். என் பெயரைச் சொன்னதும், "மேடம், நல்லா இருக்கீங்களாங்க? அந்த லெட்டர் இன்னும் ஊட்டுல இருக்குதுங்க. எங்கப்பா பிரேம் போட்டு வெச்சுட்டாரு, கழட்ட மனசு வரல" என்று சிரித்தார். எதற்கு அழைத்தேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டேன். இன்னொரு நம்பருக்கு இன்னும் அழைக்கவில்லை. அழைப்பேன்.

இதையெல்லாம் உன்னைத் தடுப்பதற்காக எழுதவில்லை. தடுக்கிற தகுதி எனக்குக் கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது. நான் இருந்தபோது நடந்தது இன்றும் நடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்கலாம். ஆனால் அந்தப் பல்சக்கரம் இன்னும் சுவரில் இருக்கிறது. அதனால் நீ ஒன்று செய். கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை அங்கே போ. சதவீதத்தைப் பற்றிப் பேசாதே. போன வருடம் முடித்துப் போனவர்களில் பத்துப் பேரோடு பேசவேண்டும், ஏற்பாடு செய்து தருவீர்களா என்று கேள். அவர்கள் பொறுக்கி எடுத்துத் தருகிற பத்து வேண்டாம், பட்டியலில் நீ கைவைக்கிற பத்து. ஒவ்வொருவரிடமும் எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், வேலைக்குப் போன அன்றைக்கு உங்களுக்கு உட்கார இடம் தயாராக இருந்ததா என்று கேள். பாதிப் பேருக்கு மேல் இருந்தது என்று சொன்னால் போய்க் கட்டு. பேங்க் தாளில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் போடுகிறேன். பேசவே விடமாட்டோம் என்றார்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான். பன்னிரண்டு லட்சத்துக்கு அது மலிவான பதில்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன்னைப் போலப் பணம் கட்ட நிற்கிற பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். உன் மாமாவிடம் மட்டும் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. அவர் இந்த விஷயத்தில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். அந்தச் சுவரிலிருந்து பல்சக்கரத்தை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று கேட்டால், அதை யார் வைத்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன். நீயும் அன்றைக்கே போவதாக இருந்தால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள். அவிநாசி வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் பரவாயில்லை. நீ வரவில்லை என்றால் நான் எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

அம்மா